கேமராக்காரர் பதில்கள்: அந்த வீல்சேரைத் தொடாதீர்கள்

சென்ற இதழில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வெஸ்டன் என்ற சிற்றூரில் மூடிக் கிடக்கும் பழைய மனநல மருத்துவமனையில் நான் எடுத்த சில படங்கள் வந்திருந்தன. நீளமான தாழ்வாரம், உரிந்து தொங்கும் பச்சைப் பெயின்ட், கைப்பிடி இல்லாத கதவு. அவற்றைப் பார்த்து வந்த கடிதங்களில் கேமரா பற்றிக் கேட்டவர்கள் குறைவு, அந்த இடத்தைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். அதனால் திருமண ஆல்பம், பழைய லென்ஸ் பூஞ்சை போன்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

உண்மையைச் சொல்லுங்கள் சார். உள்ளே பேய் இருந்ததா?
— வி. ரா., திண்டுக்கல் (இதையே கேட்ட இன்னும் பலரும்)

இல்லை. புறா இருந்தது. மேல்மாடியில் ஒன்று திடீரென்று படபடத்துக் கிளம்பியதில் என்னோடு வந்த நண்பர் ட்ரைபாடைக் கீழே போட்டுவிட்டார். லென்ஸ் தப்பியது, அவர் மானம் தப்பவில்லை.

அங்கே இரவில் பேய் தேடும் சுற்றுலாவும் நடக்கிறது. அவ்வளவு பெரிய கட்டடத்தைப் பராமரிக்கும் செலவில் ஒரு பங்கு அந்தக் காசில் வருகிறது என்பதால் நான் அதிகம் கேலி செய்வதில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். 1952-ல் வால்டர் ஃப்ரீமன் என்ற மருத்துவர் மேற்கு வர்ஜீனியாவின் அரசு மனநல மருத்துவமனைகளை ஒரு சுற்று வந்தார். கண்ணின் மேற்குழி வழியாக, ஐஸ் உடைக்கும் ஊசியைப் போன்ற கருவியை மூளைக்குள் செலுத்தி நரம்பு இணைப்புகளை அறுக்கும் லோபாட்டமி அறுவையை 228 பேருக்குச் செய்துவிட்டுப் போனார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை அது. பணம் மிச்சமாகும் என்று மாநில அரசு கூப்பிட்டுத்தான் வந்தார். இதைப் படித்த பிறகு எனக்குப் பேய்க்கதையில் ஆர்வம் போய்விட்டது.

இவ்வளவு பெரிய கட்டடத்தை எதற்குக் கட்டினார்கள்? கட்டியதை ஏன் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள்?
— மு. செ., சேலம்

முதல் பாதிக்குப் பதில் ஒரு மனிதர்: தாமஸ் ஸ்டோரி கிர்க்பிரைட், பிலடெல்பியாக்காரர், மருத்துவர். அவர் காலத்தில் மனநோய் வந்தவர்களைச் சிறையிலும் ஏழைகள் விடுதியிலும் அடைத்து வைப்பது சாதாரணம். வெளிச்சம், காற்று, தோட்ட வேலை, ஒழுங்கான சாப்பாடு, தூக்கம் இவை கிடைத்தால் இவர்களில் பலர் தேறிவிடுவார்கள் என்று கிர்க்பிரைட் நம்பினார். அதற்குக் கட்டடமே மருந்தாக இருக்க வேண்டும் என்றார். 1854-ல் இந்த ஒரு விஷயத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். நடுவில் நிர்வாகக் கட்டடம். இரண்டு பக்கமும் வார்டுகள். ஒவ்வொரு வார்டும் பக்கத்து வார்டிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கும், அதனால் எந்த வார்டும் இன்னொன்றின் வெளிச்சத்தை மறைக்காது. ஒரு மருத்துவமனையில் 250 பேருக்கு மேல் கூடாது என்பதும் அவர் போட்ட கணக்குதான்.

வெஸ்டன் அந்தக் கணக்குப்படி கட்டியது. 1858-ல் தொடங்கினார்கள். 1861-ல் உள்நாட்டுப் போர் வந்தது. கட்டுமானத்துக்காக ஊர் வங்கியில் வைத்திருந்த தங்கம், சுமார் 27,000 டாலர், அதை வட தரப்புப் படை வந்து அள்ளிக்கொண்டு போனது. 1864-ல் முதல் நோயாளிகள் வந்தபோது கட்டடம் அரைகுறைதான். முழுதாக முடிந்தது 1881-ல். எல்லாம் கையால் கொத்திய மணற்கல், கிட்டத்தட்ட கால் மைல் நீளம். நான் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் கல் இணைப்புகளைத் தடவிப் பார்த்தபோது, என் காலத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சில வேலைகளை நினைத்துக்கொண்டு பேசாமல் நகர்ந்துவிட்டேன்.

250 பேருக்கான அந்த இடத்தில் 1950-களில் 2,400 பேர் இருந்தார்கள். கிர்க்பிரைட் காற்றுக்காக விட்ட தாழ்வாரத்தில் கட்டில் போட்டார்கள். இது வெஸ்டன் கதை மட்டுமில்லை. வயதானவர்கள், வலிப்பு உள்ளவர்கள், வீட்டுக்கு வேண்டாதவர்கள் என்று எல்லோரையும் கொண்டுவந்து விட்டால் எந்தக் கட்டடமும் மருந்தாக இருக்க முடியாது.

இரண்டாம் பாதிக்கு வருவோம். 1955-ல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5 லட்சத்து 58 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதுதான் உச்சம். அதற்கு முந்தைய ஆண்டு மனநோயின் தீவிரத்தைத் தணிக்கும் குளோர்புரோமசின் மாத்திரை, தோரசின் என்ற பெயரில், அங்கே விற்பனைக்கு வந்திருந்தது. 1963-ல் கென்னடி, சுடப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஊருக்கு ஊர் மனநல மையம் அமைக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1965-ல் மெடிகெய்ட் மருத்துவ உதவித் திட்டம் வந்தது. அது மனநல மருத்துவமனையில் இருக்கும் 65 வயது ஆகாத பெரியவர்களுக்குப் பணம் தராது. மாநில அரசுகள் கணக்குப் பார்த்தன. உள்ளே வைத்திருந்தால் செலவு மாநிலத்துக்கு, வெளியே அனுப்பினால் மத்திய அரசும் பங்கு தரும். வார்டுகள் காலியாக ஆரம்பித்தன. கென்னடி சொன்ன மையங்கள் போதுமான அளவுக்கு எழவில்லை. வெளியே வந்தவர்களில் பலர் நடைபாதைக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

வெஸ்டன் 1994-ல் மூடியது. இடிக்கவும் செலவு, சூடேற்றி வைக்கவும் செலவு. 2007-ல் ஏலத்தில் 15 லட்சம் டாலருக்குத் தனியார் ஒருவர் வாங்கினார். இப்போது டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம்.

தாழ்வாரப் படத்தில் அந்த வெளிச்சம் ஃப்ளாஷா, கம்ப்யூட்டர் வேலையா?
— ஜோ. ஆ., தூத்துக்குடி

இரண்டும் இல்லை, கிர்க்பிரைட் வேலை. மேலே சொன்னேனே, வார்டுகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் என்று? அதனால் தாழ்வாரத்தின் கோடியில் சுவர் வராது, ஜன்னல் வரும். நோயாளிக்குச் சிகிச்சையாக அவர் திட்டமிட்ட வெளிச்சம்தான், இத்தனை வருடம் கழித்து வந்து நாம் ‘அட, என்ன லைட்டிங்!’ என்று கொண்டாடுவது. இந்தக் கட்டடங்களில் படம் எடுப்பவர்கள் எல்லோர் படத்திலும் அதே தாழ்வாரம், அதே கோடி ஜன்னல் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணமும் இதுவே.

செய்முறை எளிது. ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர் அளவு) 100, லென்ஸ் திறப்பு எஃப் 8 அல்லது 11, ஷட்டர் சில நொடிகளிலிருந்து அரை நிமிடம் வரை. மேகமூட்டமான நாளைத் தேர்ந்தெடுங்கள். நல்ல வெயில் அடித்தால் ஜன்னல் வெளுத்துப்போய் மூலைகள் கரியாகிவிடும். வேறு வழியில்லை என்றால் கூடுதல், குறைவு, நடுத்தரம் என்று மூன்று எக்ஸ்போஷர் எடுத்துப் பின்னால் சேர்க்கலாம். ஆனால் நிழல் எல்லாவற்றையும் தூக்கி வெளிச்சமாக்கிவிடாதீர்கள். எச்.டி.ஆர். என்ற பெயரில் சுவரெல்லாம் செம்பும் ஊதாவுமாக மின்னும் படங்களைப் பார்த்தால் எனக்குத் தீபாவளி வாழ்த்து அட்டை ஞாபகம்தான் வருகிறது.

உயரமும் முக்கியம். பெரும்பாலானோர் நின்றபடி, தங்கள் கண் மட்டத்தில் எடுக்கிறார்கள். வார்டுக்குள் நான் கேமராவை இறக்கி, கட்டிலில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குக் கொண்டுவருவேன். ஜன்னலின் சின்னச் சின்னச் சதுரங்கள் அங்கிருந்து வேறு மாதிரித் தெரியும். அந்தச் சட்டங்கள் மரமில்லை, இரும்பு. கம்பி போட்டால் சிறை மாதிரி இருக்குமே என்று, ஜன்னல் சட்டத்தையே வார்ப்பிரும்பில் செய்து, மரம் போலப் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

பச்சைப் பெயின்ட் ஏன் இப்படிச் சுருள்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். ஹீட்டரை நிறுத்தினால் முடிந்தது கதை. காரைக்குள் ஈரம் இறங்கும், குளிர்காலத்தில் உறையும், வசந்தத்தில் இளகும். சில ஆண்டுகள் இது நடந்தால் பெயின்ட் தானே விட்டுவிடும். அந்தச் சுருள்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறது. விரலால் கிள்ளிப் பார்க்காதீர்கள்.

இணையத்தில் நான் பார்க்கும் இப்படிப்பட்ட படங்களில் எப்போதும் ஒரு வீல்சேர் ஜன்னலைப் பார்த்தபடி நிற்கிறது. பக்கத்தில் ஒரு உடைந்த பொம்மை வேறு. உங்களுக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லையா அண்ணா?
— காட்சித் தொடர்பியல் மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, அந்த வீல்சேர் அங்கே தானாகப் போய் நிற்கவில்லை. யாரோ தள்ளிக்கொண்டு போனார்கள்.

எப்படித் தெரியும் என்கிறாயா? படத்தைப் பெரிதாக்கிப் பார். தரை முழுக்கப் பெயின்ட் செதில் கொட்டிக் கிடக்கும், வீல்சேரின் இருக்கை மட்டும் சுத்தமாக இருக்கும். அல்லது உதிர்ந்த காரைத்தூளில் சக்கரத்தின் தடம் கதவிலிருந்து ஜன்னல் வரை கோடு போட்டிருக்கும். பொம்மையும் அப்படித்தான். பெரியவர்கள் மட்டும் இருந்த வார்டில் குழந்தைப் பொம்மைக்கு என்ன வேலை? சிலர் பையில் போட்டே கொண்டுவருகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஒரு மூடிய மருத்துவமனையில், ஒரே நாற்காலியை வேறு வேறு ஆட்கள் எடுத்த படங்களில் வேறு வேறு மாடிகளில் பார்த்திருக்கிறேன். இருக்கையில் இருந்த கிழிசலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அதில் என்ன தப்பு, சினிமாவில் செட் போடுவதில்லையா என்று கேட்பாய். செட் போடு, ‘செட்’ என்று சொல்லிவிடு. கைவிடப்பட்ட இடம் என்று சொல்லிக் காட்டும்போது, பார்ப்பவர் அதை இருந்தபடியே எடுத்த படம் என்று நம்பித்தான் பார்க்கிறார். என் ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீ நகர்த்துவதால் அது இருந்த இடம் அழிகிறது. நாற்காலிகள் எல்லாம் சுவரோரமாக, ஒன்றையொன்று பார்க்காமல் வரிசையாகக் கிடந்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அங்கே பகல் எப்படிப் போனது என்பது அதில் இருக்கிறது. ஒன்றை இழுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டால், நமக்குப் பின்னால் வருபவருக்கு அது கிடைக்காது.

வீல்சேர் இல்லாமலே எடுக்க நிறைய இருக்கிறது. கதவின் உள்பக்கம் கைப்பிடி இருக்காது. அறை விளக்கின் சுவிட்ச் அறைக்கு வெளியே, தாழ்வாரச் சுவரில் இருக்கும். குளியலறையில் குழாயைத் திறக்கும் சாவி ஊழியரிடம் இருந்திருக்கும், குழாயில் திருகு மட்டும்தான். கதவில் கண் வைத்துப் பார்க்கும் ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்திருக்கும், நெற்றி பட்டுப் பட்டு. கிறிஸ்டோபர் பேன் என்ற புகைப்படக்காரர், கட்டடக்கலை படித்தவர், 2002 முதல் 2008 வரை அமெரிக்காவில் இப்படிப்பட்ட 70 இடங்களுக்குப் போய்ப் பெரிய ஃபிலிம் கேமராவில் எடுத்தார். அவர் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, நோயாளிகளின் பல் துலக்கும் பிரஷ்கள் ஒரு பெட்டிக்குள் வரிசையாகத் தொங்கும் படம். தேடிப் பார். பொம்மையை மறந்துவிடுவாய்.

உள்ளே போக என்னென்ன பாதுகாப்பு வேண்டும்?
— சு. க., வேலூர்

முதலில் முகமூடி. சர்ஜிக்கல் மாஸ்க் போதாது. இந்தக் கட்டடங்களின் அடித்தளத்தில் நீராவிக் குழாய்களைச் சுற்றிக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கட்டியிருப்பார்கள். அது நைந்து தூளாகத் தொங்கும். புறா எச்சம் காய்ந்து பறப்பதிலும் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை உண்டு. பி-100 வடிகட்டி பொருத்திய முகமூடி நல்லது.

அடுத்து தரை. கூரை ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே இருக்கும் மரப்பலகையை நம்பாதீர்கள். அறையின் நடுவே நடக்காமல், உத்திரம் சுவரில் ஊன்றும் ஓரமாக நடங்கள். பாசி படிந்திருந்தாலோ, காலடியில் பஞ்சு போல அமுங்கினாலோ திரும்பி வந்துவிடுங்கள். படம் வேறு இடத்தில் கிடைக்கும். தனியாகப் போகாதீர்கள். எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு டார்ச். அவ்வளவுதான்.

அனுமதி கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த இடங்களில் சுவர் ஏறிக் குதித்துப் போகிறார்களே, அது தவறா?
— பெ. வெ., மதுரை

சட்டப்படி அத்துமீறல், அமெரிக்காவிலும் சரி, நம் ஊரிலும் சரி. அதைவிட, நான் குதிக்கும் வயதைக் கடந்துவிட்டேன்.

ஒரு மூடிய மருத்துவமனையின் வாசலில் காவலரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறப் போகிற மனிதர். ‘படம் எடுப்பவர்களால் தொல்லையில்லை. அவர்கள் இணையத்தில் வழி போடுகிறார்களே, அதைப் பார்த்துவிட்டுச் செம்புக்கம்பி திருடுபவனும் தீ வைப்பவனும் வருகிறான், அதுதான் தொல்லை’ என்றார். உள்ளே விடவில்லை. ஆனால் அந்த நிலத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தில் யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எழுதினேன். காப்பீட்டுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஓர் ஊழியரைக் கூடவே அனுப்பி, காலை நேரம் மட்டும் விட்டார்கள். சுவர் ஏறியிருந்தால் பூட்டிய அறைகளின் சாவி கிடைத்திருக்காது.

என் அண்ணன் பல வருடம் மனநல மருத்துவமனையில் இருந்து, அங்கேயே இறந்தார். எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். உங்கள் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் இப்படிப்பட்ட இடத்தை அழகாக எடுப்பது சரியா என்று எனக்குத் தோன்றுகிறது. கோபமாக எழுதவில்லை, கேட்கிறேன்.
— ஒரு வாசகி, நாகர்கோவில்

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் அதிக நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அழகாக எடுக்கலாமா என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. யாருக்காக எடுக்கிறோம் என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு வரும் என்று நினைக்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் செனக்கா ஏரிக்கரையில் வில்லார்டு என்ற மருத்துவமனை இருந்தது. 1869-ல் திறந்து 1995-ல் மூடினார்கள். மூடும் நேரத்தில் ஒரு கட்டடத்தின் மேல்தட்டில் பெட்டிகள் கிடைத்தன. நானூறுக்கும் மேல். நோயாளிகள் சேர்ந்த அன்று கையில் கொண்டுவந்த பெட்டிகள். வாங்கி, பெயர் எழுதி, மேலே வைத்திருக்கிறார்கள். பலர் திரும்பிப் போகவே இல்லை, பெட்டி அங்கேயே இருந்துவிட்டது. மாநில அருங்காட்சியகம் அவற்றை எடுத்துக் காப்பாற்றியது. 2011-லிருந்து ஜான் கிறிஸ்பின் என்ற புகைப்படக்காரர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, உள்ளே இருந்ததை அப்படியே எடுத்து வந்தார். சீப்பு, தையல் நூல், குடும்பப் படம், காலணி. திகில் எதுவும் இல்லை. ஊருக்குக் கிளம்பும் யாருடைய பெட்டியிலும் இருப்பதுதான். பார்க்கிறவர் அங்கே நோயைப் பார்ப்பதில்லை, பயணத்துக்குப் பெட்டி கட்டிய ஒருவரைப் பார்க்கிறார்.

அதே வில்லார்டில் இறந்து புதைக்கப்பட்டவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். கல்லறைகளில் பெயர் இல்லை, எண் மட்டும். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் விதி இறந்த பிறகும் தொடர்கிறது என்று சொல்லி, முழுப் பெயரை வெளியிடவே அதிகாரிகள் தயங்கினார்கள். கிறிஸ்பினின் படங்களிலும் முழுப் பெயர் போட முடியாமல் முதல் பெயரும் ஓர் எழுத்துமாக வந்தது. பெயரை மறைப்பது மரியாதையா, அதுவும் ஒரு புதைப்பா என்று அங்கே இன்றும் சண்டை நடக்கிறது. நான் பெயரைப் போட வேண்டும் என்பவர்கள் பக்கம். அவர்கள் வெட்கப்பட வேண்டிய எதையும் செய்யவில்லை.

ஓரிகான் மாநிலத்தில் சேலம் என்ற ஊரில் (ஆமாம், அங்கேயும் ஒரு சேலம்) அரசு மருத்துவமனையில் யாரும் வாங்க வராத அஸ்தி, சுமார் 3,500 பேருடையது, செம்புக் குடுவைகளில் அடைத்துக் கிடந்தது. ஈரம் பட்டுச் செம்பு பூத்து, ஒவ்வொரு குடுவையும் நீலமும் பச்சையுமாக ஒவ்வொரு நிறம். டேவிட் மெய்சல் அவற்றைத் தனித்தனியாக, ஒரு மனிதரை உட்காரவைத்து எடுப்பது போல எடுத்தார். மிக அழகான படங்கள். நீங்கள் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டார்கள். 2014-ல் அங்கே நினைவிடம் திறந்து, சுவரில் பெயர்களைப் பொறித்தார்கள். உறவினர்கள் தேடி வந்து வாங்கிப்போன குடுவைகளும் உண்டு.

நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான்: தரையில் மருத்துவக் கோப்புகள் சிதறிக் கிடந்தால் (உண்மையிலேயே கிடக்கின்றன), பெயரோ நோயின் விவரமோ படிக்கும்படி எடுக்க மாட்டேன். எதையும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன். தலைப்பில் ‘பைத்தியம்’ என்ற சொல் வராது. சென்ற இதழில் வந்த படங்களில் உங்களை வருத்தியது எதுவென்று எழுதினால், அடுத்த முறை எடுக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்வேன்.

கீழ்ப்பாக்கம் மருத்துவமனையும் பழைய கட்டடம்தானே? அங்கே போய் எடுக்க ஆசை. எப்படி அனுமதி வாங்குவது?
— ரா. த., சென்னை

வேண்டாம். அது கைவிடப்பட்ட இடம் இல்லை, மனிதர்கள் சிகிச்சை பெறும் இடம். சென்னையில் இந்த நிறுவனத்தின் தொடக்கம் 1794. கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது 1871. இன்று வரை நடக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி, சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது. உங்கள் இன்ஸ்டாகிராம் ஊடகமா என்று வாதாட நேரம் இருந்தால் வக்கீலிடம் போங்கள். பழைய செங்கல் கட்டடம்தான் ஆசை என்றால் சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே நீங்கள் பார்த்ததில் மறக்க முடியாத இடம் எது?
— ந. மு., யாழ்ப்பாணம்

இத்தாலியில் வோல்ட்டேரா. டஸ்கனிப் பகுதியில் மலைமேல் ஒரு பழைய ஊர். அங்கே இருந்த மனநல மருத்துவமனையில் ஒரு காலத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1978 மே மாதம், மருத்துவர் ஃப்ராங்கோ பசாலியாவின் இயக்கத்தால் இத்தாலி 180-வது சட்டத்தைக் கொண்டுவந்தது. மனநல மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடுவதற்கான சட்டம். வோல்ட்டேராவும் அப்படி மூடியதுதான். அதே ஆண்டில், நோயாளிகள் வீட்டுக்கு எழுதி, அனுப்பப்படாமலே கோப்புக்குள் தங்கிவிட்ட கடிதங்கள் புத்தகமாக வந்தன. ‘ஏன் பதில் போடவில்லை’ என்று கேட்டுக் கேட்டு எழுதியவர்களின் கடிதம் தபால் பெட்டிக்கே போகவில்லை.

நான் போனது ஒரு சுவருக்காக. ஃபெர்ரி என்ற பிரிவு, குற்ற வழக்கு வழியாக வந்தவர்களை வைத்திருந்த இடம். அதன் முற்றத்துச் சுவரில் ஃபெர்னாண்டோ நன்னெட்டி என்பவர், 1927-ல் ரோமில் பிறந்தவர், எழுதினார். பேனா கிடையாது. எல்லோருக்கும் கொடுக்கும் மேல்சட்டையில் ஒரு பக்கிள் இருக்கும். வெளியே விடும் நேரத்தில் அதன் ஊசியால் காரையைக் கீறினார். பல வருடம். கடைசியில் அது ஏறத்தாழ 180 மீட்டர் நீளத்துக்கு வந்தது. நட்சத்திரங்கள், ராக்கெட், தந்திக் கம்பிகள், தன் கற்பனை உறவினர்கள், உண்மையில் நடந்த மரணங்கள். தன்னை விண்வெளிக் கர்னல் என்று எழுதிக்கொண்டார். யாரோடும் அதிகம் பேசாதவர். அவர் கீறியதை வாசித்துப் புரிந்துகொள்ள உதவியது அங்கே வேலை பார்த்த ஊழியர் ஒருவர். சுவரை ஒட்டி ஒரு பெஞ்ச். அசையாமல் அதில் உட்கார்ந்திருந்தவர்களை நன்னெட்டி எழுப்பவில்லை. அவர்கள் தலையைச் சுற்றிக்கொண்டு எழுத்தைத் தொடர்ந்தார். சுவரில் அந்த இடம் மட்டும் காலியாக இருக்கும்.

புகைப்படக்காரனாக ஒரு குறிப்பு: கீறல் ஆழமில்லை. நேர் வெளிச்சத்தில் வெறும் அழுக்குச் சுவர்தான். சாய்ந்த வெயில் பக்கவாட்டில் தடவும்போது எழுத்து எழுந்து வரும். அதற்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். மழையிலும் வெயிலிலும் சுவர் நிறைய உதிர்ந்துவிட்டது, கொஞ்சத்தைப் பெயர்த்தெடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். பியர் நெல்லோ மானோனி என்ற உள்ளூர்ப் புகைப்படக்காரர் முன்பே அதைப் படமெடுத்து வைத்தார். உதிர்ந்துபோன வரிகளைத் தேடுபவர்களுக்கு அந்தப் படங்கள்தான் கதி. அவர் அந்த முற்றத்தில் எதையும் அலங்கரிக்கவில்லை.

மற்ற இடங்கள் என்ன ஆகின்றன? ஒருநாள் ராத்திரி தங்கச் சொன்னால் தங்குவீர்களா?
— ப. இ., ஈரோடு

தங்கியே இருக்கிறேன், மனைவியோடு. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் எச். எச். ரிச்சர்ட்சன் வடிவமைத்து 1880-ல் திறந்த மருத்துவமனையின் நடுப்பகுதி இப்போது ஹோட்டல். பச்சை பூத்த செம்புக் கூரையோடு இரட்டைக் கோபுரம். பழைய அறைகளை இடித்துச் சேர்த்து ஓர் அறையாக்கியிருக்கிறார்கள். எந்தச் சுவர் பழசு, எது புதுசு என்று நான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததில் பாதி ராத்திரி போனது. மனைவி நன்றாகத் தூங்கினார்.

எல்லாக் கட்டடத்துக்கும் அந்த யோகம் இல்லை. மாசசூசெட்ஸில் டான்வர்ஸ் மருத்துவமனையின் முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். நியூஜெர்சியில் கிரேஸ்டோன், நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி 1956 முதல் 1961 வரை இருந்த இடம், பலர் போராடியும் 2015-ல் முழுசாகப் போய்விட்டது. ஹோட்டலாவது பரவாயில்லை என்பது என் கட்சி. மனைவி கட்சி வேறு: ‘தேறிப் போனவர்களுக்கு அங்கே ஒரு வேலையாவது கொடுக்கலாமே’ என்கிறார். அது என் கட்சியைவிட நல்ல கட்சி.

எனக்கு மொபைல்தான். இப்படிப்பட்ட படம் அதில் வருமா?
— ச. லெ., நாமக்கல்

வரும். மொபைலை ஒரு சின்ன ஸ்டாண்டில் பொருத்தி, நைட் மோடில், டைமர் வைத்து எடுங்கள். விரலால் அமுக்கினால் ஆடிவிடும். அல்ட்ரா வைட் வேண்டாம், சுவர் வளைந்து நிற்கும். சாதாரண லென்ஸ் போதும். பழகுவதற்கு மருத்துவமனை தேவையில்லை. உங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் ரைஸ் மில், பழைய சினிமா கொட்டகை எதுவாவது இருக்கும். உரிமையாளரிடம் சாவி கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார், டீயும் வாங்கிக் கொடுப்பார். எடுத்ததில் இரண்டை அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.